மணல் தாங்கும் என்று நினைத்தேன்

என்னங்க,

உங்க முதுகுவலி தேவலையா? சின்னவளுக்கு இருமல் நின்னுச்சா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே நடந்த கூத்தைக் கேளுங்க. நிலநடுக்கத்துல ஈரமணல் என்ன ஆகும்னு பெட்டியில போட்டு ஆட்டிப் பார்க்கிறதுதானே என் வேலை. ஒரு வாரமா லேசா ஆட்டினேன். கல்லு மாதிரி நின்னுச்சு. ரெண்டு மடங்கு ஆட்டினா ரெண்டு மடங்குதானே அசையும்னு நானா கணக்குப் போட்டு ஆட்டத்தைக் கூட்டினேன். ஒரே நிமிஷத்துல மொத்தமும் கூழாகி, மேல வெச்சிருந்த எடைக்கல் உள்ளே முங்கிடுச்சு. என் ஷூவெல்லாம் சேறு.

"இத்தனை நாள் தாங்குச்சுன்னா இன்னைக்கும் தாங்கும்னு யாரும்மா சொன்னது?"ன்னு மேலதிகாரி சிரிச்சார். நானும் சிரிச்சேன்.

அப்புறம்தான் நான் இந்த வேலைக்குன்னு ஊர்லேர்ந்து கிளம்பின அன்னைக்கு நடந்தது ஞாபகம் வந்துச்சு. பத்து வருஷமா என் கோபத்தைத் தாங்கினவர்தானேன்னு, உங்க அம்மா எதிர்ல வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். நீங்க என் துணிப்பையை வண்டியில ஏத்திட்டு உள்ளே போயிட்டீங்க. அதிலேர்ந்து போன்ல உங்களுக்கு "சாப்பிட்டியா"வுக்கு மேல பேச்சு வரமாட்டேங்குது. தப்பு என்மேலதாங்க.

என் மூக்குக்கண்ணாடிச் சீட்டு பீரோவுல இருக்கும், அனுப்பி வைங்க. மிஷின் கத்துது, ஓடணும். வாசல்ல கிடக்கிற என் பழைய செருப்பை மட்டும் எடுத்து உள்ளே வெச்சிடாதீங்க. நான் வர்ற வரைக்கும் அங்கேயே கிடக்கட்டும்.

உங்க கோபக்காரி