நான்காவது ஆணி

12.3.1999, வெள்ளி

பக்கத்து வீட்டு சரோஜாவைக் காலையிலிருந்து காணவில்லை. எங்கள் லைன் வீட்டு ஆண்கள் எல்லோரும் கயிறும் டார்ச்சுமாகப் பாலகாட் பக்கம் இருக்கும் பழைய ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழிக்குத்தான் ஓடினார்கள். சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு, ஆளைக் காணோமென்றால் கீழே எட்டிப் பார்க்கத்தான் தெரியும். பங்காருபேட்டை ரயிலடிக்கு ஒருவர்கூடப் போகவில்லை.

நான் அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு போடப் போனேன். அந்த வீட்டில் கதவுக்குப் பின்னால் சுவரில் மூன்று ஆணிகள் உண்டு. சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் டோக்கனை மாட்டிவிட்டுப் போய், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வார்கள். வீட்டிலிருந்து வெளியே போகிறவர்களும் அப்படியே தகர டோக்கனை மாட்ட வேண்டும் என்பது அவள் புருஷன் முனுசாமி வைத்த சட்டம். அவருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு இரண்டு.

இன்று நான்கு ஆணிகள் இருந்தன. நான்காவதில் ஒரு பவுடர் டப்பா மூடி தொங்கியது. அதில் சரோஜா என்று கீறியிருந்தது.

சாயங்காலம் வெறுங்கையோடு வந்த முனுசாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இன்னாக்கா இது? இவளுக்கு நான் டோக்கனே செய்யலியே. இவ எங்க போவப் போறா?"

"போயிருக்காளே தம்பி. டோக்கன் மாட்டிட்டுப் போனவ திரும்பி வருவா. ஷாஃப்டுல தேடுறத நிறுத்துங்க."

அவர் மூடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கழற்றவில்லை.

எங்கே போயிருப்பாள் என்பதைவிட இன்னொன்றுதான் என்னைக் குடைகிறது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது அந்தச் சுவர்தான். அந்த ஆணியை அவள் எப்போது அடித்தாள்? எனக்கு ஏன் சத்தமே கேட்கவில்லை?