உன் பேருக்கு வந்த கோழிக்குஞ்சுகள்

பின்னறையில் எரிந்துகொண்டிருந்த குண்டு பல்பை இன்று அணைத்துவிட்டேன். அணைத்த பிறகும் அந்த வாசனை போகவில்லை. உமி, பழைய செய்தித்தாள், குஞ்சுகளின் எச்சம் எல்லாம் சேர்ந்து வெதுவெதுப்பாக ஒரு வாடை வீசுமே, அதேதான். முன்பெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது வீடா, கோழிப் பண்ணையா?" என்று கத்துவேன். "கோழி இருக்கிற வீடு" என்பாய் நீ, தலையை நிமிர்த்தாமலே. இப்போது அந்த வாடைக்குள்ளேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கத்த நான் இருக்கிறேன். பதில் சொல்லத்தான் ஆளில்லை.

உன் பேருக்கு ஒரு பெட்டி வந்தது. நீ நல்லா இருந்தபோது நாமக்கல் பக்கத்துப் பொரிப்பகத்தில் சொல்லி வைத்திருந்தாயே, சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சுகள், அதுதான். பொரித்ததும் அனுப்புகிறோம் என்று சொன்னவர்கள் சொன்னபடி அனுப்பிவிட்டார்கள். நீதான் அதற்குள் போய்விட்டாய். உன் முப்பதாம் நாள் பூசையெல்லாம் முடிந்து, உறவுக்காரர்களும் கலைந்துபோன பிறகு ஒருநாள் உன் போன் அடித்தது. அதை நான் இன்னும் சார்ஜ் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். "அம்மா இருக்காங்களா? குஞ்சு பஸ்ஸுல ஏத்தியாச்சுங்க. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல வந்து வாங்கிக்கச் சொல்லுங்க" என்றது ஒரு குரல். "சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

நடத்துநர் பெட்டியை என் கையில் கொடுக்கும்முன் மேலே எழுதியிருந்ததைப் படித்தார். "அம்மா பேரா இருக்கு, அவங்க வரலையா?" "வரலை." "நீங்க?" "வீட்டுக்காரர்" என்றேன். கன்னிவாடி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஓட்டை ஓட்டையாகப் போட்ட பெட்டிக்குள்ளிருந்து அதுகள் கீச்சுக் கீச்சென்று கத்த, பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஜன்னல் வழியாக வெயில் விழுந்ததும் துண்டை எடுத்துப் பெட்டிமேல் போட்டேன். ஆஸ்பத்திரியில் மூச்சு மாஸ்க்கை விலக்கிவிட்டு நீ சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. "பெட்டி வந்தா வெயில்ல வச்சிராதீங்க." காய்ச்சலில் என்னமோ பினாத்துகிறாய் என்றல்லவா நான் அன்று நினைத்தேன்.

கோயம்புத்தூரிலிருந்து மகள் போன் பண்ணினாள். "அப்பா, இந்த வயசுல குஞ்சு வளர்க்கப் போறீங்களா? யாருக்காச்சும் குடுத்திருங்க. இங்க வந்திருங்க." உன் பிடிவாதம் அவளுக்கு அப்படியே இருக்கிறது. நான் சொன்னேன்: "உங்கம்மா கேட்டு வந்தது. அதுகளைத் தேத்தி வெளிய எறக்கி விடுற வரைக்கும் நான் எங்கேயும் வரலை." "சரி, பாப்போம். உங்களால முடியலைன்னு தெரிஞ்சா அடுத்த பஸ்ஸுலயே வந்து கூட்டிட்டுப் போயிருவேன்" என்றாள். அவள் சொன்னால் செய்வாள். நம் வீட்டையும், முருங்கையையும், நீ நட்ட கறிவேப்பிலையையும் விட்டுவிட்டு நான் அவளுடைய மூன்றாவது மாடி வீட்டில் போய் உட்கார வேண்டும். அம்புட்டும் இந்தப் பெட்டிக்குள் கத்திக்கொண்டிருந்ததுகளின் கையில் இருந்தது.

நீ செய்ததையெல்லாம் வாசலில் நின்று பார்த்திருக்கிறேனே தவிர ஒருநாளும் கை வைத்ததில்லை. பார்த்ததை நினைத்து நினைத்துச் செய்தேன். ஒவ்வொன்றையும் எடுத்து மூக்கை வெல்லத் தண்ணியில் தொட்டு விட்டேன். "முதல் வாய்த் தண்ணி நம்ம கையால போகணும், அப்பத்தான் பொழைக்கும்" என்பாய். என் விரல் ஒன்றின் தடிமன்கூட இல்லை அதன் தலை. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டேன், விழுந்து நனையாமல் இருக்க. மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும் என்று நீ அட்டையை வளைத்து வட்டமாகக் கட்டுவாயே, அதையும் கட்டினேன். ஆனால் குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கிற குண்டு பல்பு கிடைக்கவில்லை. திண்டுக்கல்லில் கடை கடையாக ஏறி இறங்கினேன். "இப்ப யாரு சார் குண்டு பல்பு வாங்குறா? எல்.இ.டி. வாங்கிக்கங்க, கரண்டு மிச்சம்" என்றான் ஒருவன். "கரண்டு மிச்சமாகும், குஞ்சு மிஞ்சாது" என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன். கடைசியில் மெயின் ரோட்டில் ஒரு பழைய கடைக்காரர் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்.

சிரிப்பாயோ என்னவோ, அதையும் சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் எச்சம் ஒட்டிக்கொண்டு அடைத்துப்போனால் வெந்நீரில் துணி நனைத்துத் துடைக்க வேண்டுமே, அதையும் செய்தேன். மில்லில் மேஸ்திரியாக இருந்தபோது என் விசிலைக் கேட்டால் ஒரு ஷெட்டே விறைத்து நிற்கும். அந்த மேஸ்திரி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குஞ்சுக்குப் பின்பக்கம் துடைத்தான். ஒன்று மட்டும் தவறிவிட்டது. வந்த அன்றைக்கே துவண்டுதான் இருந்தது. நீ புதைக்கும் இடத்திலேயே, கறிவேப்பிலைக்கு அடியில் புதைத்தேன். மற்றதெல்லாம் தேறிக்கொண்டது. றெக்கையில் இறகு முளைத்தது.

"றெக்கையில இறகு வந்துட்டா மண்ணைக் காட்டிரணும், இல்லைன்னா ஒண்ணை ஒண்ணு கொத்திக்கும்" என்பது உன் கணக்கு. காட்டலாம் என்று கதவைத் திறந்தால் ஒன்றுகூட வெளியே வரவில்லை. காலைப் பனி காய்ந்து, முற்றத்தில் வெயில் இதமாக விழுகிற நேரம் பார்த்துத் திறப்பேன். அதுகள் எதிர்மூலைக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். நிலைப்படியில் உடைத்த கம்பு தானியத்தைத் தூவினேன், வரவில்லை. விளக்குமாற்றால் லேசாகத் தள்ளினேன், கூரை கிழியக் கத்தின. ஒன்றைக் கையால் அள்ளி முற்றத்தில் கொண்டுபோய் விட்டேன். அது உடம்பை மண்ணோடு அமுக்கிக்கொண்டு நடுங்கியது. பிறகு என் காலுக்கிடையில் புகுந்து உள்ளே ஓடிவிட்டது. "ஏலே, வெளிய போங்கலே" என்று மில்லில் கத்துவதுபோல் கத்திப் பார்த்தேன். இப்படியே நாள் போனது. உள்ளே ஒன்றின் வாலை ஒன்று கொத்தி ரத்தம் எடுக்க ஆரம்பித்தன. மகள் தினமும் கேட்டாள், "எறங்குச்சாப்பா?" "நாளைக்கு" என்றேன். எனக்கே நம்பிக்கை போய்விட்டது. நீ கேட்டு வாங்கிய ஒன்றைக்கூட என்னால் வளர்த்துவிட முடியவில்லையே.

இன்று காலை பக்கத்துத் தோட்டத்துச் செல்வி ஆட்டைப் பிடித்துக்கொண்டு வேலிப் பக்கம் வந்தவள், நான் கதவருகில் நிற்பதைப் பார்த்தாள். "என்ன மாமா, குஞ்சுகளோட சண்டையா?"

"வெளிய வந்தாத்தானே. பிடிச்ச பிடிவாதம்."

"அத்தை போய்ப் படியில உக்காந்தாகன்னா அதுகளா வந்துருமே" என்று சொல்லிவிட்டு ஆட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். நீ முதல்முதலாக வாங்கிய குஞ்சுகளை இறக்கிய நாள் என் கண்முன்னால் வந்தது. நிலைப்படியில் உட்கார்ந்து, காலை முற்றத்தில் நீட்டி, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாய். குஞ்சுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பால்வாடியில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தே காலம் கழித்தவள் நீ, உனக்கு அது சுலபம். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இப்படி உக்காந்திருந்தா எப்ப எறங்கும்?" என்றேன். "உங்களுக்கு நின்னே பழக்கம். இதுகளுக்குத் தாய்க்கோழி இல்ல. மேலேருந்து வர்றதெல்லாம் இதுகளுக்குப் பருந்துதான். செத்த நேரம் கீழ உக்காருங்க" என்றாய். முனகிக்கொண்டே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒன்று வந்தது, அதன் பின்னால் இன்னொன்று, பிறகு எல்லாமே வந்து உன் சுங்குடிச் சேலை விளிம்புக்கடியில் புகுந்தன.

உட்கார்ந்ததைவிட எழுந்ததுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மில்லில் நின்று நின்று தேய்ந்த முட்டி மடங்கினால் நிமிராது. கையை மேலே நீட்டினேன். நீ ஒரு காலை முன்னால் ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாய். "யேசுவே, எம்புட்டுக் கனம். மில்லையும் சேத்துத் தூக்குற மாதிரியில்ல இருக்கு" என்று மூச்சு வாங்கச் சிரித்தாய். அதற்குப் பிறகு சாயங்காலந்தோறும் உன்னோடு படியில் உட்கார்ந்தேன். டாக்டர் கூடாது என்றார். கேட்கவில்லை. தூக்கிவிட ஆள் இருக்கும்போது உட்கார என்ன பயம்? நீ போன பிறகு நான் தரையில் உட்காரவே இல்லை. உனக்காகச் சொன்ன செபமாலைக்குக்கூட எல்லோரும் பாயில் இருக்க நான் மட்டும் நாற்காலியில் இருந்தேன். உட்கார்ந்தால் எழ முடியாதே என்று முட்டியைச் சாக்குச் சொன்னேன்.

இன்று உட்கார்ந்தேன். நிலையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, கடைசியில் தொப்பென்று விழுந்த மாதிரிதான். காலை நீட்டினேன். கையில் எதுவும் இல்லாமல் இருக்க முடியவில்லை. எட்டின கிளையை இழுத்து முருங்கைக்கீரை உருவினேன். உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. நீ நட்டுவைத்த காய்ந்த குச்சியில் கரிச்சான் குருவி ஒன்று வந்து உட்கார்ந்தது. பருந்து வந்தால் அது விரட்டும் என்று அதற்கென்றே நட்டாயே, அந்தக் குச்சி இன்னும் நிற்கிறது. இடுப்புப் பக்கம் எதுவோ உரசியது. ஒரு குஞ்சு. வேட்டியை ஒரு கொத்துக் கொத்திப் பார்த்துவிட்டுப் படியில் இறங்கியது. வெயிலில் நின்று ஒரு றெக்கையை விரித்து நீட்டியது. அப்புறம் வரிசையாக எல்லாம் இறங்கின. மண்ணைச் சீய்த்தன, ஒரு எறும்புக்காகச் சண்டை போட்டன. களைத்ததும் ஒன்று விடாமல் திரும்பி வந்து என் வேட்டி மடிப்புக்குள் புகுந்து படுத்தன. அத்தனை சின்ன உடம்புக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சூடோ.

"வந்துட்டுதுகளே பாத்தியா" என்று வாய்விட்டுச் சொன்னேன். உன்னிடம்தான் சொன்னேன்.

வெயில் ஏறியது. எழுந்திருக்க வேண்டும். வழக்கம்போல வலது கையை மேலே நீட்டினேன்.

நீட்டின கை அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியவில்லை. உன்னை மண்ணுக்குள் இறக்கியபோது நான் அழவில்லை, கல்லு மாதிரி நிற்கிறானே என்று ஊரே பேசியது. இன்று வேட்டிக்குள் குஞ்சுகள் தூங்க, கையைத் தூக்கிக்கொண்டு பிள்ளை மாதிரி அழுதேன். நல்லவேளை, செல்வி ஆட்டோடு அந்தக் கோடிக்குப் போயிருந்தாள்.

பிறகு குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கீழே விட்டேன். நிலையை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு முட்டியை ஊன்றி, மறு முட்டியை ஊன்றி எழுந்தேன். நீ ஒரே இழுப்பில் செய்கிற வேலைக்கு எனக்கு அரைப் பொழுது ஆனது. எழுந்ததும் அதுகள் சிதறி ஓடின. இரண்டு எட்டு ஓடிவிட்டுத் திரும்பிப் பார்த்து, நான்தான் என்று தெரிந்ததும் மறுபடி மேய ஆரம்பித்தன.

சாயங்காலம் மகள் கேட்டாள், "எறங்குச்சாப்பா?"

"எறங்கிருச்சு. எல்லாமே."

"எப்புடிப்பா?"

"கீழ உக்காந்தேன்."

"எப்புடி எந்திரிச்சீங்க?" என்றாள். உங்கம்மா தூக்கிவிட்டாள் என்று வாய்வரை வந்துவிட்டது. "நிலையைப் பிடிச்சு" என்றேன். அவள் கூட்டிப் போகிறேன் என்ற பேச்சை எடுக்கவில்லை.

நாளைக் காலையும் பனி காய்ந்ததும் கதவைத் திறப்பேன், படியில் உட்காருவேன். எழுகிற நேரம் வந்தால் இந்தக் கை தானாக மேலே போகும், எனக்குத் தெரியும். போகட்டும். பிடித்துத் தூக்க ஒருத்தி இருந்தாள் என்று அதுவாவது மறக்காமல் இருக்கட்டும்.