சவரத்துக்கு உட்கார்ந்தவர் சிரிக்கமாட்டார்

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் மகள் பொடிசு மூவரும் சுகம், என் முதுகு மட்டும் தனிக்கட்சி. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்க வேண்டும்.

பொடிசுக்கு வயிற்றுவலி என்றதும் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று போனில் அழுதாயாம். அவசரப்படாதே தாயே. டாக்டர் பார்த்துவிட்டார், வயிற்றில் கோளாறு இல்லை, ஆனால் வலி நிஜம்தான், பயத்தில் வருகிறது என்றார். வகுப்பில் எழுந்து பாடம் வாசித்தபோது திக்கிவிட்டாளாம், பிள்ளைகள் சிரித்துவிட்டார்களாம். அதிலிருந்து பள்ளிக்கூடப் பையைப் பார்த்தாலே வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். போன வாரம் ஒருநாள் போகவே மாட்டேன் என்று அடம், அன்றைக்கு உன் அம்மாவும் வீட்டில் இல்லை, நம் சலூனுக்கே கூட்டிப்போனேன். நம் வாடிக்கை லாரி டிரைவர் சவரத்துக்கு முகமெல்லாம் நுரையோடு அண்ணாந்து கிடந்தார், அப்போதும் சும்மா இருப்பாரா, பேப்பர்ல என்ன போட்டிருக்கு வாசி பாப்பா என்றார். இவளும் தட்டுத்தடுமாறி ஒரு பக்கம் வாசித்துவிட்டாள். பயம் போயே போச்சு என்று நான் கடை முழுக்கப் பீற்றிக்கொண்டேன். மறுநாள் காலையில் பழையபடி வயிறு. நேத்து நல்லாத்தானே வாசிச்சே கழுதை என்றால், போ தாத்தா, நீ அவரு கழுத்துல கத்தி வச்சிருந்தே, அவரு எப்படிச் சிரிப்பாரு, அங்க எல்லாரும் சிரிக்கலாம்ல என்கிறாள்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு பயப்படாதே என்று சொல்வதை விட்டுவிட்டேன். வலிச்சா வலிக்கட்டும், வலியோடவே போய்ட்டு வா, கேட் வரைக்கும் நானும் வரேன் என்றேன். டீச்சரிடமும் பேசினேன், இப்போதைக்கு இரண்டு வரி வாசிக்கட்டும் என்றார். நேற்று வாசித்தாளாம். ரெண்டு பேர் சிரிச்சாங்க, நான் முடிச்சிட்டுத்தான் உக்காந்தேன் என்று மூக்கை உயர்த்திச் சொன்னாள். இன்றைக்கும் வலித்தது, ஆனால் பையை அவளே எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அதனால் ஓடிவராதே. போனை எடுத்ததும் வயிறு எப்படி என்று கேட்காதே, இன்றைக்கு என்ன விளையாடினாய் என்று கேள். இன்னொன்று, போகிற வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவுக்கும் புது ஆபீஸ்ல வயிறு வலிக்குமா தாத்தா என்றாள். கேட்டுச் சொல்றேன் என்று நழுவிவிட்டேன். நீயே அவளுக்கு எழுது. இல்லவே இல்லை என்று மட்டும் எழுதிவிடாதே கண்ணு. எழுத்து பெரிதாக இருக்கட்டும், எங்களுக்கு அவள்தான் சத்தமாக வாசித்துக் காட்டுவாளாம்.

நோய்நொடி அண்டாமல் நல்லா இரு.

வம்பிழுக்க நீ பக்கத்தில் இல்லாமல் தவிக்கும்
உன் அப்பா