இரண்டாம் சாட்சி

2191 மார்ச் 3, 08:00
வியாழனின் துணைக்கோள் கலிஸ்டோவின் சுற்றுப்பாதை, நோக்கர் நிலையம். பதிபவர் ந. சபாரத்தினம், உலக மக்களாட்சிக் கண்காணிப்பு மன்றம். உள்வெப்பம் 21 பாகை. காற்று சீர். சூரிய ஒளி இங்கே போதாது. மின்சாரம் கீழேயுள்ள வெண்துறைக் குடியேற்றத்திலிருந்து கதிராக வருகிறது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: வெண்துறை மக்களின் சுதந்திரத்துக்கு ஆண்டுதோறும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுவது என் வேலை. சென்ற ஆண்டு 61. பத்தாம் தேதி மன்றத்தின் விசாரணைக் கப்பல் இவ்வழியே கடக்கும். நாற்பதுக்குக் கீழே இட்டால் அது நீதிபதியோடு இங்கே திரும்பும். இல்லாவிட்டால் நேரே போய்விடும். அடுத்தது ஆறு ஆண்டு கழித்து.

கஞ்சியில் உப்பு கூடிவிட்டது. சொல்ல ஆளில்லாததால் இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 4, 14:20
கீழிருந்து அழைப்பு. பெயர் பனிமயம். காற்றுச் சுத்திகரிப்புக் கூடத்தில் வேலை, முன்னோர் தூத்துக்குடி.

"ஐயா, எலெக்சன தள்ளி வச்சுட்டாவ. ஏன்னு கேட்டவங்க வீட்டுக்கெல்லாம் காத்தக் கொறச்சுட்டாவ. எங்க வீட்டுக்குந்தான். எம்மவன் ரெண்டு படி ஏறுனா உக்காந்துக்கிடுதான்."

விதிப்படி முதல் கேள்வி கேட்டேன்: நீங்கள் பார்த்ததா, கேள்விப்பட்டதா?

"ரெண்டுமில்ல. எனக்கு நடந்தது. அதுக்கு உங்க கேள்வில எடமில்லையோ?"

இல்லை. 'பார்த்தது' என்று குறித்தேன். உறவோ நட்போ இல்லாத இன்னொருவரும் இதையே சொன்னால்தான் மதிப்பெண்ணில் கை வைக்கலாம். சட்டம் கற்பித்த காலத்தில் இந்த விதியை வகுத்த குழுவில் நானும் இருந்தேன். பொய்ப் புகார்களைத் தடுக்க நல்ல விதி. அப்படித்தான் நினைக்கிறேன்.

மார்ச் 6, 10:05
பனிமயம் இரண்டாம் சாட்சியைக் கொண்டுவந்தார். மின்பணியாளர் பிச்சையா. தன் பெயரைச் சொன்னார், "எங்க வீட்டுக்கும்" என்றார். இணைப்பு அறுந்தது.

10:50
பனிமயம் மறுபடி: "பிச்சையாவ கூட்டிட்டுப் போயிட்டாவ. அரைச் சாட்சின்னு போட்டுக்கிடுங்க."

அரைச் சாட்சிக்கு விதியில் இடமில்லை என்றேன்.

"சரி ஐயா. நீங்க மேல இருந்து எங்கள எண்ணிக்கிட்டே இருங்க. ஆளு கொறையக் கொறைய எண்ணுறது லேசுதான்."

சிரித்தார் என்று நினைக்கிறேன். தலைமையகத்துக்கு எழுதினேன். பதில்: "விதிப்படி செய்க."

மார்ச் 7, 09:00
வெண்துறை நிர்வாகத் தலைவர் கோமதிநாயகத்திடமிருந்து:

"வணக்கம் சார். ஒடம்பு நல்லாருக்கா? இந்த வருசம் எழுபது போட்டா எல்லாருக்கும் நல்லது. ஒங்களுக்கு கரண்டு இங்கேருந்துதான் வருது, ஞாபகப்படுத்தணும்னு தோணுச்சு. மெரட்டலா எடுத்துக்கிடாதீங்க."

மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றும் 'மதிப்பிற்குரிய ஐயா' என்றே தொடங்கின. எதையும் அனுப்பவில்லை. எழுபதும் போடவில்லை. அது துணிவா, வெறும் தயக்கமா என்று தெரியவில்லை.

மார்ச் 8, 16:30
பனிமயம் அழைக்கவில்லை. நோக்கர் தானாக யாரையும் அழைக்கக்கூடாது. அழைத்தேன். இரைச்சல் மட்டும்.

17:10
மின்கதிர் நின்றுவிட்டது. உள்வெப்பம் 14. மின்கலத்தில் இருப்பது சூடேற்றிக்குப் போதும், அல்லது வானொலிக்கு. இரண்டுக்கும் போதாது.

மார்ச் 9, 11:40
சூடேற்றியைக் குறைத்து வைத்திருக்கிறேன். வெப்பம் 3. இருக்கும் சட்டைகளையெல்லாம் போட்டிருக்கிறேன். விதிகளை மறுபடி படித்தேன், வேறு வேலையில்லாததால். 'சாட்சி எனப்படுபவர், அந்த நிர்வாகத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டு வாழ்பவர்.'

பதினோரு ஆண்டுகளாக அவர்களுக்கு மேலே இருப்பதாக எண்ணியிருந்தேன். அவர்கள் கொடுத்த வெப்பத்தில்தான் வாழ்ந்திருக்கிறேன். கேட்டபடி எழுதாததற்கு அதை நிறுத்திவிட்டார்கள். பனிமயத்துக்குக் காற்று, எனக்கு மின்சாரம்.

முதல் சாட்சி: பனிமயம். இரண்டாம் சாட்சி: சபாரத்தினம், குடியிருப்பவர். மதிப்பெண் 22. அனுப்பினேன்.

13:15
கப்பலின் இயந்திரக் குரல்: "அறிக்கை கிடைத்தது. இரண்டாம் சாட்சியைக் குரலில் விசாரிக்க வேண்டும். நாளை 11:00. சாட்சி பதிலளிக்காவிட்டால் அறிக்கை செல்லாது."

இதுவும் நாங்கள் வகுத்த விதிதான். சூடேற்றியை அணைத்துவிட்டேன்.

மார்ச் 10, 07:30
வெப்பமானி உறைபனியில் தெரியவில்லை. திரையையும் அணைத்தேன். இனிப் பென்சில். தூங்கக்கூடாது. பழைய மாணவர்களின் வருகைப் பதிவை உரக்கச் சொல்கிறேன். ஒருவரும் 'உள்ளேன் ஐயா' சொல்லவில்லை.

10:20
விரல் மடங்கவில்லை. பனிமயத்தின் மகனுக்கு என்ன பெயர். கேட்கவில்லை.

11:00
"சாட்சி சபாரத்தினம். நீங்கள் பார்த்ததா, கேள்விப்பட்டதா?"

எனக்கு நடந்தது என்றேன்.

"பதில் ஏற்கத்தக்கதல்ல. மீண்டும் கூறவும்."

எனக்கு நடந்தது.

"இறுதி வாய்ப்பு. மீண்டும் கூறவும்."

பார்த்தது, என்றேன்.

"ஏற்கப்பட்டது. மதிப்பெண் 22 உறுதி. கப்பல் வேகம் தணித்துத் திரும்புகிறது. வருகை ஐந்து வாரத்தில்."

நேரம் தெரியவில்லை
ஐந்து வாரம். வானொலி நின்றுவிட்டது. கீழே அவர்களுக்குச் சொல்ல வழியில்லை.

குளிர் இப்போது தெரியவில்லை. அது நல்லதல்ல என்று படித்திருக்கிறேன்.

கண்டெடுப்பவருக்கு. மார்ச் 4 பதிவில் ஒரு திருத்தம். பனிமயம் பெயருக்கு எதிரே 'பார்த்தது' என்று நான் குறித்ததை அடித்துவிடவும். அவருக்கு நடந்தது. என் பெயருக்கு எதிரேயும் அப்படியே