பதினோராவது வீட்டு கேட்டும் என் வரைபடமும்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, அண்ணன் வீட்டார் எல்லோரும் சுகம். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்பி இதை ஆரம்பிக்கிறேன். எழுத்து கோழி கிண்டியது மாதிரி இருக்கிறதே என்று பயப்படாதே, வலது கையில் மாவுக்கட்டு, இடது கையால் எழுதுகிறேன். சுகம் என்று எழுதி மை காய்வதற்குள் மாட்டிக்கொண்டேன் பார். போனில் உன்னிடம் சொல்லாதே என்று அம்மாவைத் தடுத்ததும் நான்தான்.

நம் தெருவுக்குப் பின்னால் புது வீடுகள் கட்டினார்கள் அல்லவா, முக்கால்வாசிப் பேர் குடிவந்துவிட்டார்கள். அங்கிருந்து பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பத்திரமாகப் போக ஒரு சைக்கிள் பாதை வேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்தில் முடிவானது. முப்பத்திரண்டு வருஷம் சாலை வரைந்து ரிடையரான மேதை ஒருவர் சும்மா இருக்கிறாரே என்று என்னிடம் ஒப்படைத்தார்கள். நானும் கலர் பென்சில் எல்லாம் வாங்கி, வீட்டு வாசல்களை ஒட்டி நூல் பிடித்தாற்போல ஒரு கோடு இழுத்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். வீடு கட்டிய கம்பெனியின் என்ஜினீயர், "சூப்பர் சார்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா மட்டும் காய் நறுக்கிக்கொண்டே, "வரைஞ்சதெல்லாம் சரி, அதுல ஒரு தடவ சைக்கிள் ஓட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். ரோஷம் வந்துவிட்டது. எதிர்வீட்டு டெய்லரின் சைக்கிளை இரவல் வாங்கி, சுண்ணாம்பில் கோடு போட்டிருந்த பாதையில் கிளம்பினேன். கடைசியாக நான் சைக்கிள் ஏறியது நீ பிறப்பதற்கு முன்னால். பத்து வீடு வரை ராஜா மாதிரி போனேன். பதினோராவது வீட்டு கேட்டிலிருந்து பல் டாக்டர் காரைப் பின்னால் எடுத்தார். அவ்வளவுதான், சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பாவம், பதறி ஓடிவந்த மனுஷர் பழக்கதோஷத்தில் முதலில் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். உடைந்தது மணிக்கட்டு என்று நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். "சத்தியமா கண்ணாடியில பாத்தேன் சார், யாருமே இல்ல" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். காரின் சாவியை அவர் பாக்கெட்டில் போடச் சொல்லிவிட்டு நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். அவருடைய ஏழு வயது மகளைக் குட்டிச் சைக்கிளோடு கேட்டுக்கு வெளியே, என் சுண்ணாம்புக் கோட்டின்மேல் நிற்கவைத்தோம். கண்ணாடியில் மதில் தெரிந்தது, வெறும் ரோடு தெரிந்தது, பிள்ளை தெரியவில்லை. அவரையும் உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தார். இறங்கிப் போய் மகளைத் தூக்கிக்கொண்டார். அந்த மாதிரி நாற்பத்தாறு கேட். அத்தனையையும் ஒரே கோட்டில் கோத்துக் கொடுத்திருக்கிறேன், அதுவும் கலர் பென்சிலில்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து, வீடுகளின் பின் மதிலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில்தான் பாதை போக வேண்டும், அங்கே ஒரு கேட்டும் இல்லை என்றேன். கம்பெனிக்காரர்கள் அந்த இடத்தைக் கார் நிறுத்த ஒதுக்கியிருந்தார்கள். என்ஜினீயர் என் வரைபடத்தையே தூக்கிக் காட்டி, "இதுல கையெழுத்துப் போட்டது நீங்கதானே சார்?" என்றார். "ஆமா தம்பி, போட்டவன் முட்டாள். அவன எனக்கு அறுபத்தஞ்சு வருஷமாத் தெரியும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. எழுந்து, கண்ணாடியில் தனக்கு என்ன தெரியவில்லை என்று சொன்னார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. எட்டடி அகலம் கேட்டோம், ஆறடி கிடைத்தது. பெரிய ரோட்டைக் கடக்கும் இடத்தில் வேகத்தடையும் போட்டுவிட்டார்கள். விளக்குதான் பாக்கி, மனு மேல் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன திங்கட்கிழமை பாதை திறந்தது. சிமென்ட் பிறகுதான், இப்போதைக்கு ஜல்லியும் மண்ணும் கொட்டி ரோலர் ஓட்டியிருக்கிறார்கள். நான் பாதிப் பாதையில் நின்றுகொண்டு, தயார் செய்து வந்த பேச்சைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தேன். பின்னால் மணிச் சத்தம். டாக்டரின் மகள், "தாத்தா, ஓரமாப் போங்க!" என்று கத்திக்கொண்டே வருகிறாள், அவளுக்குப் பின்னால் இருபது முப்பது சைக்கிள். ஊருக்கெல்லாம் ரோடு போட்டவனுக்கு அன்றைக்குக் கிடைத்த மரியாதை அது. ஓரமாகப் போனேன். கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு கைதான் இருந்தது, அதிலும் பேச்சுக் காகிதம்.

நீயும் வேலைக்குச் சைக்கிளில் போகிறாய். கார்க்காரன் உன்னைப் பார்த்திருப்பான் என்று நம்பிவிடாதே கண்ணு, அவன் முகம் உனக்குத் தெரிகிறதா என்று பார்த்துப் போ. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ணு. நான் விழுந்ததை நடித்தே காட்டக் காத்திருக்கிறாள். நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, பல்லாண்டு நன்றாக இரு.

என்றும் உன்னையே நினைக்கும்,
அப்பா