ஒரு மெழுகுவர்த்தி கூடுதல்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று முதலாளியம்மாவின் மகளுக்குப் பிறந்தநாள். கேக்குக்கு நான்தான் கிரீம் பூசி ரோஜாப்பூ போட்டேன். பிள்ளையை நான் வீட்டில் பார்த்ததே இல்லை, விடுதியிலிருந்து வருவாள் என்று நினைத்துக்கொண்டேன். சுவரில் இருந்த அவளுடைய பிறந்தநாள் போட்டோவில், கேக்கில் ஐந்து மெழுகுவர்த்திகள். அது போன வருடத்துப் படமாக்கும் என்று ஆறு குத்தினேன்.

அந்தம்மா ஒன்றைப் பிடுங்கினார். “அவ அஞ்சு வயசுலயே போயிட்டாம்மா. அதுக்கு மேல வைக்காதே.”

திட்டவில்லை, கவலைப்படாதீர்கள். குழியைக் கிரீம் வைத்து மூடிவிட்டேன்.

என் மகளின் போட்டோ, நான் கிளம்பும்போது எடுத்ததுதான் கையில் இருக்கிறது. உடனே புதிதாக ஒன்று எடுத்து அனுப்புங்கள். பல் விழுந்திருந்தால் வாயைத் திறந்து சிரிக்கச் சொல்லுங்கள்.

கூப்பிடுகிறார்கள், கடிதத்தை முடிக்கிறேன். இந்த வருடம் அவளை வாசல் நிலையோடு நிறுத்தி எடுங்கள். எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று தெரிய வேண்டும்.