சிவந்த கிணறு

ஆடி மாதம், செவ்வாய் இரவு. ஸ்ரீவில்லிபுத்தூர்.

இந்த ஊருக்கும் ராஜபாளையத்துக்கும் சேர்த்து என்னையே சுகாதார அதிகாரியாக நியமித்த உத்தரவு காலையில் வந்தது. இத்தனை வருஷம் காத்திருந்த பதவி. மாலையோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ராஜபாளையத்தில் வாந்திபேதி இன்னும் அடங்கவில்லை. கிணறுகளில் நான் கிருமி கொல்லும் மருந்து கரைத்ததும் தண்ணீர் சிவந்துவிட்டது. ஓரிரு நாளில் தெளியும், பயப்பட வேண்டாம் என்று ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. கிணற்றுத் தண்ணீரையே குடிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டால் போதும் என்று நினைத்தேன்.

குடத்தோடு நின்ற ஒரு பெண் முகத்துக்கு நேரே கேட்டாள். “ரத்தங்கணக்கா இருக்கே டாக்டரையா, இத எப்படிக் குடிக்க? நாங்க ஊருணிக்குத்தான் போறோம்.”

இரண்டு ஊரிலும் ஊருணியில்தான் நோயாளிகளின் துணியை அலசுகிறார்கள்.

அறிவு கெட்ட ஜனங்கள் என்று மனைவியிடம் கத்திக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தேன். அவள் செம்பை வைத்தாள். எங்கள் தெருக் கிணற்றிலும் நேற்றுத்தான் மருந்து போட்டேன். இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. செம்பிலோ தண்ணீர் பளிங்காக இருந்தது.

எங்கே எடுத்தாய் என்று கேட்டேன்.

“இங்கயும் ஊருணியிலதான். பிள்ளைக சிவப்புத் தண்ணியக் குடிக்க மாட்டேங்குதுக.”

பிள்ளைகள் இருவரும் உள்ளே தூங்குகிறார்கள். யாராவது புரண்டால்கூட பேனாவை வைத்துவிட்டு எழுந்து போகிறேன்.